லினக்ஸில் செயலிப் பங்கீடும் நினைவகப் பங்கீடும்: ஒன்று எளிது, மற்றொன்று ஏன் கடினம்?

நான் பராமரித்து வந்த ஒரு தரவுத்தள சர்வரில், ஓர் இரவு ஒன்றே முக்கால் மணிக்குத் தரவுத்தளத்தின் பிராசஸை (ஓடிக்கொண்டிருக்கும் நிரலை) லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலே கொன்றுவிட்டது. நினைவகம் தீர்ந்துபோனால் கெர்னல் அப்படிச் செய்யும் என்பது தெரிந்த விஷயம்தான். ஆனால் அந்த இயந்திரத்தில் 128 ஜிபி நினைவகம் இருந்தது. அதே நிமிடத்தில் 50 ஜிபிக்கும் மேல் காலியாக இருந்ததாகக் கண்காணிப்புத் திரை காட்டியது. கெர்னல் பதிவை வரிவரியாகப் படித்தபோது விடை ஒரே வரியில் கிடைத்தது. கொல்லக் காரணமான கட்டுப்பாடு ‘சிபியுசெட்’ (ஒரு வேலை எந்தச் செயலிகளையும் நினைவகத்தையும் பயன்படுத்தலாம் என்று வரையறுக்கும் வசதி) என்றும், அந்தப் பிராசஸுக்கு அனுமதிக்கப்பட்ட நினைவக நோடு 0 மட்டுமே என்றும் அந்த வரி சொன்னது.

அது இரண்டு சாக்கெட் (செயலி பொருத்தும் இடம்) கொண்ட சர்வர். ஒவ்வொரு சாக்கெட்டோடும் 64 ஜிபி நினைவகம் நேரடியாக இணைந்திருந்தது; அப்படிப்பட்ட ஒரு தொகுதிதான் ஒரு நோடு. முன்பு பொறுப்பில் இருந்தவர் முதல் சாக்கெட்டின் கோர்களையும் (செயலிக்குள் இருக்கும் தனித்தனிக் கணக்கீட்டு அலகுகளையும்) அதன் நினைவகத்தையும் தரவுத்தளத்துக்கு ஒதுக்கிவிட்டு, இரண்டாவதை அறிக்கை தயாரிக்கும் வேலைகளுக்கு விட்டிருந்தார். கோர்களைப் பொறுத்தவரை அந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் வரவில்லை; உச்ச நேரத்தில் தரவுத்தளம் சற்று மெதுவாக ஓடும், பிறகு சரியாகிவிடும். நினைவகத்தில் அப்படி ‘சற்று மெதுவாக’ என்ற நிலையே வரவில்லை. 64 ஜிபி வரை எல்லாம் நன்றாக இருந்தது. அதைத் தாண்டிய கணத்தில் பிராசஸ் இறந்தது. இரண்டுக்கும் ஒரே மாதிரி வேலி போட்டிருந்தும் விளைவுகள் இப்படி வேறுபட்டதற்குக் காரணம், செயலியும் நினைவகமும் அடிப்படையிலேயே இருவேறு வகையான வளங்கள் என்பதே.

செயலி நேரத்தைக் கெர்னல் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். டைமர் குறுக்கீடு வினாடிக்கு 250 முறையோ 1000 முறையோ வருகிறது; ஒவ்வொரு முறையும் ஓடிக்கொண்டிருக்கும் த்ரெட்டை (பிராசஸுக்குள் தனியாக ஓடும் வேலைச் சரடை) நிறுத்தி, அதன் ரெஜிஸ்டர்களைப் பத்திரப்படுத்திவிட்டு, இன்னொன்றை ஏற்ற முடியும். நிறுத்தப்பட்ட த்ரெட் எதையும் இழப்பதில்லை. விட்ட இடத்திலிருந்து பிறகு தொடரும். நினைவகப் பக்கம், அதாவது கெர்னல் நினைவகத்தைப் பங்கிடும் சிறு துண்டு, அப்படிப்பட்டதல்ல. அதில் பிராசஸ் எழுதிவைத்த தரவு இருக்கிறது. பக்கத்தைப் பறிக்க வேண்டுமானால் தரவை வேறெங்காவது வைக்க வேண்டும். அது வட்டிலிருந்து படித்த கோப்பின் மாறாத நகல் என்றால் தூக்கி எறிந்துவிட்டுப் பிறகு மீண்டும் படிக்கலாம். பிராசஸ் தானே உருவாக்கிய தரவு என்றால் அதை வைக்க வட்டில் ஸ்வாப் என்ற ஒதுக்கிடம் வேண்டும். ஸ்வாப் இல்லையென்றால் பிராசஸைக் கொல்வதைத் தவிர வழியில்லை. கிணற்றுத் தண்ணீரில் ஒருவருடைய முறையை ஒரு மணி நேரம் முன்னே பின்னே மாற்றலாம். வரப்பை நகர்த்துவதென்றால் அங்கே நிற்கும் பயிரைப் பெயர்த்தாக வேண்டும்.

திரும்பப் பெற முடியும் என்பதால்தான் செயலியைப் பங்கிட மூன்று வழிகள் உருவாகின. முதலாவது எடை. பிராசஸ்களைக் குழுக்களாக்கி வளங்களைப் பங்கிடும் லினக்ஸ் வசதியான சிகுரூப்பின் இரண்டாம் பதிப்பில் ஒவ்வொரு குழுவுக்கும் 1 முதல் 10000 வரை ஓர் எடையைத் தரலாம். எதுவும் சொல்லாவிட்டால் 100. இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் கோருக்குப் போட்டியிட்டால் மட்டுமே எடை வேலை செய்யும். ஒன்று சும்மா இருந்தால் மற்றது முழுவதையும் எடுத்துக்கொள்ளும். இரண்டாவது கோட்டா. ஒரு குழு ஒவ்வொரு 100 மில்லிவினாடிக் காலத்துக்குள்ளும் இவ்வளவு செயலி நேரம்தான் பயன்படுத்தலாம் என்று வரம்பு வைப்பது. 2012 தொடக்கத்தில் வெளியான லினக்ஸ் 3.2 முதல் இது உள்ளது. மூன்றாவது, குறிப்பிட்ட கோர்களையே ஒரு குழுவுக்கு ஒதுக்கும் சிபியுசெட்.

கோட்டா குறித்துக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஏனெனில் கன்டெய்னர் (ஒரு நிரலை மற்றவற்றிலிருந்து பிரித்து ஓட்டும் உறை) உலகில் அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது அதுதான். ஒரு சேவைக்கு ‘இரண்டு செயலி’ என்று வரம்பு எழுதும்போது அதற்கு இரண்டு கோர்கள் கிடைக்கும் என்றே பலரும் நினைக்கிறார்கள். கெர்னல் அதை 100 மில்லிவினாடிக்கு 200 மில்லிவினாடி செயலி நேரம் என்று மட்டுமே பொருள்கொள்கிறது. அந்தச் சேவை ஒரே நேரத்தில் இருபது த்ரெட்டுகளை எழுப்பி, அவை இருபது கோர்களில் ஓடினால், 200 மில்லிவினாடியும் பத்தே மில்லிவினாடியில் தீர்ந்துவிடும். மீதி 90 மில்லிவினாடிக்கு அத்தனை த்ரெட்டுகளும் முடக்கப்படும். பக்கத்தில் கோர்கள் காலியாக இருந்தாலும் விதி மாறாது. பன்னிரண்டு மில்லிவினாடியில் முடிய வேண்டிய ஒரு கோரிக்கை நூறு மில்லிவினாடியைத் தாண்டுவது இப்படித்தான். இத்தகைய எழுச்சி ஐந்து காலங்களுக்கு ஒருமுறை மட்டுமே வந்தால், சராசரிப் பயன்பாடு வரம்பில் ஐந்தில் ஒரு பங்கு என்றே வரைபடம் காட்டும். வரம்பு தொடப்படவே இல்லை என்று பார்ப்பவர் முடிவுகட்டுவார். உண்மை தெரிய வேண்டுமானால் அந்தக் குழுவின் செயலிப் புள்ளிவிவரக் கோப்பைத் திறந்து, எத்தனை காலங்கள் கழிந்தன, அவற்றில் எத்தனையில் முடக்கம் நிகழ்ந்தது என்ற இரண்டு எண்களை ஒப்பிட வேண்டும். பதில் நேரம் முக்கியமான சேவைகளுக்குக் கோட்டா வைக்காமல் எடையோடு நிறுத்திக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. கட்டண அளவீட்டுக்காகவோ, எல்லா நாளும் ஒரே வேகம் தெரிய வேண்டும் என்பதற்காகவோ கோட்டா தேவைப்படும் இடங்கள் உண்டு. அண்டை வேலைகளைப் பாதுகாப்பதற்கு எடையே போதும்.

மூன்றாவது வழியான சிபியுசெட் பிறந்தது கன்டெய்னர்களுக்காக அல்ல, மீக்கணினிகளுக்காக. பிரான்சின் புல் நிறுவனத்தில் சைமன் டெர் எழுதத் தொடங்கிய அந்த நிரலை எஸ்ஜிஐ நிறுவனத்தின் பால் ஜாக்சன் வளர்த்தெடுத்தார். 2005 ஜூனில் வெளிவந்த லினக்ஸ் 2.6.12 பதிப்பில் அது சேர்ந்தது. அப்போது எஸ்ஜிஐயின் ஆல்டிக்ஸ் இயந்திரங்களில் 512 செயலிகள் ஒரே லினக்ஸ் கெர்னலின் கீழ் ஓடின. 2004இல் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் நிறுவப்பட்ட கொலம்பியா மீக்கணினி இருபது ஆல்டிக்ஸ் அமைப்புகளைச் சேர்த்து 10,240 செயலிகளுடன் கட்டப்பட்டது. அவ்வளவு பெரிய இயந்திரத்தில் எல்லா வேலைகளையும் எல்லாச் செயலிகளிலும் அலையவிட்டால் இரண்டு தொல்லைகள் வரும். எந்த வேலை எந்தக் கோரில் ஓடும் என்று முடிவுசெய்யும் ஷெட்யூலர் கோர்களுக்கிடையே சுமையைச் சமப்படுத்தும் செலவு, செயலிகளின் எண்ணிக்கையைக் காட்டிலும் வேகமாக வளரும். அதைவிடப் பெரிய தொல்லை, நினைவகம் எங்கே இருக்கிறது என்பது.

அந்த இயந்திரங்கள் நியூமா வகையைச் சேர்ந்தவை. ஒவ்வொரு செயலித் தொகுதிக்கும் அருகில் அதன் சொந்த நினைவகம் உண்டு. மற்றத் தொகுதிகளின் நினைவகத்தையும் எட்டலாம், ஆனால் கூடுதல் நேரம் பிடிக்கும். இன்று சாதாரண இரண்டு சாக்கெட் சர்வரும் இந்த வகைதான். நியூமா அமைப்பைக் காட்டும் கட்டளையை அதில் ஓட்டினால், தன் நோடுக்கு 10, அடுத்த நோடுக்கு 21 என்பது போல ஒரு தூர அட்டவணை வரும். அந்த எண்கள் துல்லியமான அளவீடுகள் அல்ல. இயந்திரத்தின் ஃபர்ம்வேர் சொல்லும் ஒப்பீட்டு மதிப்புகள். ஆனாலும் அடுத்த வீட்டு நினைவகம் சொந்த வீட்டு நினைவகம் அல்ல என்பதை அவை தெளிவாகச் சொல்கின்றன. இதனால்தான் டெர்ரும் ஜாக்சனும் வடிவமைத்த சிபியுசெட்டில் செயலிப் பட்டியலோடு நினைவக நோடுகளின் பட்டியலும் தொடக்கத்திலிருந்தே சேர்ந்து வந்தது. ஒரு வேலையை எட்டுக் கோர்களுக்குள் அடைத்துவிட்டு அதன் பக்கங்களைத் தொலைவில் உள்ள நோடில் விட்டுவைத்தால், பிரிவினை பெயரளவில்தான் இருக்கும். அந்த எட்டுக் கோர்களும் அடுத்தவர் நினைவகத்தின் வாசலில் காத்துக்கிடக்கும்.

அதை நிர்வகிக்கும் முறை இன்றும் எனக்குப் பிடித்தமானது. புதிய கணினி அழைப்புகள் (நிரல்கள் கெர்னலிடம் வேலை கேட்கும் வழிகள்) எதையும் சேர்க்காமல், எல்லாவற்றையும் ஒரு போலிக் கோப்பு முறைமையாக வைத்தார்கள். ஒரு கோப்புறையை உருவாக்கினால் ஒரு குழு பிறக்கும். அதற்குள் இருக்கும் கோப்பில் கோர் எண்களை எழுதினால் ஒதுக்கீடு ஆகும். பிராசஸ் எண்ணை எழுதினால் அது குழுவில் சேரும். உள்கோப்புறைக்குத் தாய்க்கோப்புறையிடம் இல்லாத கோரோ நோடோ கிடைக்காது. 2006இல் கூகுளில் பால் மெனேஜும் ரோஹித் சேத்தும் தொடங்கிய சிகுரூப் பணி இந்த வடிவத்தையே பொதுமைப்படுத்தியது. 2008 ஜனவரியில் லினக்ஸ் 2.6.24 வெளிவந்தபோது சிபியுசெட் அந்தப் பொதுக்கட்டமைப்பின் ஓர் உறுப்பாகிவிட்டது. நினைவக வரம்புக்கான கட்டுப்படுத்தி அடுத்த பதிப்பில் வந்து சேர்ந்தது. இன்றைய கன்டெய்னர்கள் அனைத்தும் நிற்பது இந்த அடித்தளத்தின் மேல்தான்.

நினைவகம் எவ்வளவு பிடிவாதமான வளம் என்பதைக் காண ஓர் எளிய சோதனை போதும். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பிராசஸின் எண்ணை எடுத்து வேறொரு சிகுரூப்பில் எழுதுங்கள். அந்தக் கணம் முதல் அதன் செயலி நேரம் புதிய குழுவின் எடைக்கும் கோட்டாவுக்கும் உட்படும். ஆனால் அது ஏற்கெனவே பிடித்துவைத்திருக்கும் நினைவகம் பழைய குழுவின் கணக்கிலேயே தொடரும். இரண்டாம் பதிப்பில் பிராசஸ் இடம் மாறினாலும் கணக்கு இடம் மாறாது. பகிர்ந்த பக்கங்களில் குழப்பம் இன்னும் கூடுதல். ஒரு கோப்பை இரண்டு குழுக்கள் படித்தால், முதலில் தொட்டவர் கணக்கில்தான் அந்தப் பக்கம் ஏறும். இரண்டாமவர் நாள் முழுதும் அதைப் படித்தாலும் அவர் கணக்கில் ஒன்றும் ஏறாது. முதலாமவர் மறுதொடக்கம் ஆனபின் அந்தப் பக்கம் விடுபட்டு மீண்டும் தொடப்பட்டால், இரண்டாமவர் எதுவும் மாற்றாமலேயே அவருடைய நினைவகப் பயன்பாடு திடீரென ஏறிக் காட்டும். காரணம் புரியாமல் இதைத் துரத்திப் பல மணி நேரம் செலவிட்டவர்களில் நானும் ஒருவன்.

நோடு மாற்றமும் அப்படியே. ஒரு குழுவின் கோர் பட்டியலை மாற்றினால் அதன் த்ரெட்டுகள் உடனே புதிய கோர்களுக்குப் போய்விடும். நினைவக நோடுகளின் பட்டியலை மாற்றினால், சிகுரூப்பின் பழைய பதிப்பில் ஏற்கெனவே உள்ள பக்கங்கள் இயல்பாக நகரவே மாட்டா. அதற்கென ஒரு கொடியை இயக்கிவைக்க வேண்டும். புதிய பதிப்பில் கெர்னல் பக்கங்களை நகர்த்த முயலும். ஆனால் ஒவ்வொரு பக்கத்தையும் பிராசஸின் முகவரிப் பட்டியலிலிருந்து கழற்றி, நகலெடுத்து, மற்றக் கோர்களின் முகவரிக் கேச்சுகளை (முகவரிகளின் தற்காலிக நகல்களை) துடைத்து, மீண்டும் பூட்ட வேண்டும். இதற்குச் செலவு உண்டு என்றும், சில பக்கங்கள் பின்தங்கிவிடக்கூடும் என்றும், ஆகவே வேலையைத் தொடங்குவதற்கு முன்பே நோடுகளை முடிவுசெய்துவிட வேண்டும் என்றும் கெர்னலின் சொந்த ஆவணமே எச்சரிக்கிறது. கோர்களைப் பற்றி அப்படி ஓர் எச்சரிக்கை தேவைப்படவில்லை.

இந்த வேறுபாடு லினக்ஸுக்கு மட்டும் உரியதன்று. ஐபிஎம் 2004இல் பவர்5 இயந்திரங்களில் ஒரு செயலியைப் பத்தில் ஒரு பங்கு வரை துண்டாக்கி மெய்நிகர்ப் பிரிவுகளுக்குத் தர வழிசெய்தது. ஆனால் அந்தப் பிரிவுகள் நினைவகத்தைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் வசதி 2009இல், பவர்6 காலத்தில்தான் வந்தது. கார்ல் வால்ட்ஸ்பர்கர் என்ற ஆய்வாளரின் பணியில் இதே இடைவெளியை இன்னும் நெருக்கமாகக் காணலாம். 1994இல் அவர் வில்லியம் வைலுடன் சேர்ந்து, செயலி நேரத்தைச் சீட்டுக் குலுக்கலால் பங்கிடும் முறையை முன்வைத்தார்: அதிகச் சீட்டு வைத்திருப்பவருக்கு அதிக நேரம், அவ்வளவுதான். 2002இல், ஒரே கணினியில் பல மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் விஎம்வேர் மென்பொருளின் நினைவக மேலாண்மையை விவரித்தபோது அந்த எளிமை அவருக்குப் போதவில்லை. பங்கு அதிகமுள்ள ஒரு மெய்நிகர் இயந்திரம், தொடவே தொடாத பக்கங்களைப் பதுக்கிவைத்திருந்தால் என்ன செய்வது? சும்மா கிடக்கும் நினைவகத்துக்கு அவர் ஒரு வரி விதித்தார். அதன் இயல்பு விகிதம் 75 விழுக்காடு. பக்கத்தைத் திரும்பப் பெறுவதற்கும் நேரடியாகப் பறிக்காமல், மெய்நிகர் இயந்திரத்தில் ஓடும் விருந்தினர் இயங்குதளத்துக்குள் ஒரு பலூன் நிரலை ஊதவிட்டு, எதை விட்டுக்கொடுக்கலாம் என்று அதுவே முடிவுசெய்யும்படி விட்டார். சும்மா இருக்கும் செயலி நேரம் தானாகக் கரைந்து அடுத்தவருக்குப் போய்விடும் என்பதால் அதற்கு வரி தேவைப்படவில்லை.

லினக்ஸின் சிகுரூப் இரண்டாம் பதிப்பு நினைவகத்துக்கு ஒரே வரம்பை வைக்காமல் நான்கு அளவுகளை வைத்திருப்பதற்கும் இதுவே காரணம். தேஜுன் ஹியோவின் தலைமையில் உருவாகி 2016இல் லினக்ஸ் 4.5 பதிப்பில் நிலைபெற்ற அந்த வடிவத்தில் இன்று கீழே இரண்டு பாதுகாப்புக் கோடுகளும் மேலே இரண்டு தடைக் கோடுகளும் உள்ளன. ‘மின்’ என்ற அளவுக்குக் கீழே அந்தக் குழுவின் பக்கங்களைக் கெர்னல் தொடாது. ‘லோ’ என்பது முடிந்தவரை தொடாதே என்ற வேண்டுகோள். ‘மேக்ஸ்’ என்பது கடைசி எல்லை. அதைத் தொட்டு, மீட்கப் பக்கமும் இல்லையென்றால் குழுவுக்குள் ஒரு பிராசஸ் கொல்லப்படும். இவற்றில் மிகப் பயனுள்ளதாக நான் கருதுவது ‘ஹை’. அந்த அளவைக் கடந்த குழு கொல்லப்படுவதில்லை. புதிய பக்கம் கேட்கும் ஒவ்வொரு த்ரெட்டும் தானே பழைய பக்கங்களை மீட்கும் வேலையில் இறக்கப்பட்டு, வேண்டுமென்றே தாமதிக்கப்படுகிறது. திரும்பப் பெற முடியாத நினைவகத்தைத் திரும்பப் பெறக்கூடிய நேரத்தைக் கொண்டு கட்டுப்படுத்தும் ஏற்பாடு இது. மெதுவாகி நிற்கும் பிராசஸைப் பார்த்து ஒரு மனிதரோ மேலாண்மை நிரலோ தலையிட அவகாசம் கிடைக்கிறது. கன்டெய்னர் அமைப்புகளைப் பயன்படுத்துவோரில் பெரும்பாலோர் ‘மேக்ஸ்’ மட்டும் எழுதி, வலுக்கட்டாயமாகக் கொல்லப்பட்டதைக் குறிக்கும் 137 என்ற வெளியேற்றக் குறியீட்டோடு வேலைகள் மாண்டுபோவதை வாரந்தோறும் பார்க்கிறார்கள் என்பது வருத்தமளிக்கிறது.

வேலிகளுக்கு அடியிலும் சில வழிகள் திறந்திருக்கின்றன. ஒரு கோர் இரண்டு த்ரெட்டுகளைத் தாங்கும் வகையாக இருந்தால், இயங்குதளத்தின் கண்ணுக்கு அவை இரண்டு செயலிகள். ஒன்றை ஒரு குழுவுக்கும் மற்றொன்றை வேறொரு குழுவுக்கும் கொடுத்தால் இருவரும் ஒரே கணக்கீட்டு உறுப்புகளையும் முதல்நிலைக் கேச்சையும் (செயலிக்குள் இருக்கும் சிறிய வேக நினைவகத்தையும்) பகிர்ந்துகொள்வார்கள். 2018இல் வெளிப்பட்ட கேச் வழித் தகவல் கசிவுகள் இதைப் பாதுகாப்புப் பிரச்சினையாகவும் ஆக்கின. ஒருவரையொருவர் நம்பும் வேலைகள் மட்டுமே ஒரு கோரில் சேர்ந்து ஓட வழிசெய்யும் ஏற்பாடு 2021இல் லினக்ஸ் 5.14 பதிப்பில் வந்தது. பல செயலிகளில் சாக்கெட்டின் கடைசி நிலைக் கேச்சோ எல்லாக் கோர்களுக்கும் பொது. கோர்களையும் நோடுகளையும் எவ்வளவு கச்சிதமாகப் பிரித்தாலும், பெரிய கோப்புகளை வரிசையாகப் படித்துத் தள்ளும் ஒரு வேலை அந்தக் கேச்சிலிருந்து அண்டை வேலையின் தரவை வெளியேற்றிவிடும். இன்டெல் சர்வர் செயலிகளில் கேச்சின் பகுதிகளைக் குழுவாரியாக ஒதுக்கும் வசதி உண்டு. 2017இல் வெளிவந்த லினக்ஸ் 4.10 முதல் கெர்னல் அதை ஆதரிக்கிறது. இவற்றோடு, ஒதுக்கிய கோரில் வந்து விழும் வன்பொருள் குறுக்கீடுகளையும் கெர்னலின் சொந்தப் பின்னணி வேலைகளையும் தனியாக வேறு கோர்களுக்குத் திருப்ப வேண்டும். சிபியுசெட் அதைத் தானாகச் செய்வதில்லை.

வேலிக்குள் இருக்கும் நிரலுக்கு வேலி இருப்பது தெரிய வேண்டும் என்பதும் நீண்ட காலம் கவனிக்கப்படாமல் கிடந்தது. 64 கோர் இயந்திரத்தில் இரண்டு செயலி கோட்டாவுக்குள் ஓடிய ஜாவா நிரல், தனக்கு 64 கோர்கள் இருப்பதாக எண்ணி, பயன்படாத நினைவகத்தை மீட்கும் குப்பை சேகரிப்பு த்ரெட்டுகளை எழுப்பியது. மேலே சொன்ன முடக்கத்தைத் தானே வரவழைத்துக்கொண்டது. ஜாவா 10 பதிப்பு 2018இல் இதைச் சரிசெய்தது. கோ மொழிக்கு இதே அறிவு 1.25 பதிப்பில், 2025 ஆகஸ்டில்தான் வந்தது.

அந்தத் தரவுத்தளத்துக்கு நாங்கள் செய்த மாற்றம் சிறியதுதான். கோர் ஒதுக்கீட்டைத் தொடவில்லை. நினைவக நோடுகளின் பட்டியலில் மட்டும் 0 என்பதை 0, 1 என்று திருத்தினோம். பட்டியலை விரிப்பதால் எந்தப் பக்கமும் நகர வேண்டியதில்லை. ஆகவே மறுதொடக்கம் தேவைப்படவில்லை. கெர்னல் இயல்பாகவே அருகிலுள்ள நோடில் இடம் இருக்கும்வரை அங்கேயே பக்கம் தரும். தீர்ந்தபின்புதான் அடுத்த நோடுக்குப் போகும். இரண்டாம் நோடை அறிக்கை வேலைகளே விழுங்கிவிடாமல் இருக்க, அவற்றின் குழுவுக்கு 40 ஜிபியில் ஒரு ‘ஹை’ கோடும் அதற்குச் சற்று மேலே ‘மேக்ஸ்’ கோடும் போட்டோம். அடுத்த மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் இரவில், குழுவின் நோடுவாரி நினைவகக் கோப்பை நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்தபடி இருந்தேன். ஒன்றரை மணிக்குமேல் முதல் நோடின் எண் ஏறுவது நின்றது. இரண்டாம் நோடின் எண் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏறி, விடிவதற்குள் ஏழு ஜிபியில் நின்றது. வினவல்களின் பதில் நேரம் கொஞ்சம் கூடியிருந்தது. தரவுத்தளத்தின் பிராசஸ் எண் முந்தைய நாள் மாலையில் இருந்த அதே எண்தான்.